குரலால் உயர்ந்த கிளாட் ரெயின்ஸ்

(இரண்டாமாண்டு மாணவர், பி.எஸ்ஸி. இயற்பியல்)

ஒரு நடிகருக்கு முதலில் வேண்டியது எது என்று கேட்டால், நம்மில் பெரும்பாலோர் "முகம்" என்றுதான் சொல்வோம். களையான முகமும் எடுப்பான உயரமும் இல்லாதவர் வெள்ளித்திரையில் நிற்க முடியாது என்பது பொதுவான எண்ணம். ஆனால் தாம் நடித்த முதல் பேசும் படத்தில், ஏறக்குறையப் படம் முழுவதும் முகத்தையே காட்டாமல் நடித்து, அந்த ஒரே படத்தால் உலகப் புகழ் பெற்றவர் ஒருவர் உண்டு. படத்தின் பெயர் 'இன்விசிபிள் மேன்'. வெளிவந்த ஆண்டு 1933. நடிகரின் பெயர் கிளாட் ரெயின்ஸ். அப்போது அவருக்கு வயது நாற்பத்து நான்கு! உயரமும் குறைவு. ஒரு கண்ணில் பார்வையும் அநேகமாக இல்லை.

பிறகு எதனால் புகழ் பெற்றார்? குரலால்! அந்தக் குரலும் அவருக்குப் பிறவியில் கிடைத்த சொத்து அன்று. பாடுபட்டுத் தேடிக்கொண்ட சொத்து. அந்த வரலாற்றைத்தான் இக்கட்டுரையில் சொல்ல விரும்புகிறேன்.

நான் ஏன் எழுதுகிறேன்?

இயற்பியல் படிக்கும் மாணவனுக்கு ஆங்கில நடிகரைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

சென்ற ஆண்டு வகுப்புக் கருத்தரங்கில் ஒளிவிலகல் பற்றிப் பேசும் பொறுப்பு எனக்கு வந்தது. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவன் நான். என் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆளும் நான்தான். ஸ்நெல் விதியை நன்றாகவே படித்து வைத்திருந்தேன். படமும் கணக்கும் தயார். எழுந்து நின்று, பேச வேண்டிய தலைப்பை ஆங்கிலத்தில் சொன்னேன். "ரிஃப்ராக்‌ஷன்" என்பது என் வாயில் "ரிப்ராக்சன்" என்று வந்தது. பின்வரிசையில் ஒருவர் அதே மாதிரி சொல்லிக் காட்டினார். வகுப்பே சிரித்தது. இரண்டாவது வாக்கியம் என் வாயில் வரவே இல்லை. உட்கார்ந்துவிட்டேன்.

அன்று மாலை எங்கள் துறைப் பேராசிரியர் ஒருவர் என்னை அழைத்து, "ஒளிவிலகலைப் பற்றி ஒரு கதையே இருக்கிறது, படித்துப் பார்" என்று சொல்லி, எச். ஜி. வெல்ஸ் 1897இல் எழுதிய 'இன்விசிபிள் மேன்' நாவலைக் கொடுத்தார். அகராதியோடு ஒன்றரை மாதம் போராடிப் படித்து முடித்தேன். பிறகு விடுதி நண்பர்களோடு சேர்ந்து அதன் திரைப்படத்தைப் பார்த்தேன். கதையைவிட அந்தக் குரல்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. யார் இந்த மனிதர் என்று தேடிப் போனபோதுதான், சிறு வயதில் தம் பெயரையே சரியாகச் சொல்ல வராத ஒருவருடைய குரல் அது என்று தெரிந்துகொண்டேன்!

தேம்ஸ் ஆற்றின் தென்கரை

வில்லியம் கிளாட் ரெயின்ஸ் 1889ஆம் ஆண்டு நவம்பர் 10ஆம் நாள் லண்டனில், தேம்ஸ் ஆற்றின் தென்கரைப் பகுதியில் பிறந்தார். லண்டன் என்றதும் அரண்மனையும் நாடாளுமன்றமும்தான் நம் நினைவுக்கு வரும். அன்றைய தென்கரையில் ஏழை மக்களின் நெருக்கமான குடியிருப்புகள் நிறைந்திருந்தன. ஆற்றின் தவறான கரையில் பிறந்தவன் என்று அவரே தம்மைப் பற்றிச் சொல்லிக்கொண்டதுண்டு. தந்தை ஃபிரெட் ரெயின்ஸ் நாடக நடிகர். பெயர்தான் நடிகர், வருமானம் நிலையாக இருந்ததில்லை. குடும்பத்தில் பிறந்த குழந்தைகள் பலர் சிசுப் பருவத்திலேயே இறந்துபோயினர். தாயார் வீட்டில் ஆட்களைத் தங்கவைத்து, அந்த வாடகையில் குடும்பத்தைக் காப்பாற்றினார். சிறுவனின் பள்ளிப் படிப்பு சீக்கிரமே நின்றது. செய்தித்தாள் விற்றும், தேவாலயப் பாடகர் குழுவில் பாடியும் கிடைத்த சில்லறையை அவன் தாயிடம் கொண்டுவந்து கொடுத்தான்.

அவன் பேச்சில் இரண்டு தடைகள் இருந்தன. முதலாவது, திக்குவாயோடு 'ர' என்ற ஒலி வராமை. ஆங்கில 'ர' ஒலிக்குப் பொதுவாக நாவின் நுனி மேலெழ வேண்டும். நா எழாமல் உதடு மட்டும் குவிந்தால் அது 'வ' போல ஒலிக்கும். ஆகவே "வில்லி ரெயின்ஸ்" என்ற தன் பெயரை அவன் "வில்லி வெயின்ஸ்" என்றே சொல்லி வந்தான்.

இரண்டாவது தடை 'காக்னி' பேச்சு. இது லண்டன் உழைக்கும் மக்களின் வட்டார வழக்கு. "ஹவுஸ்" என்பதை "அவுஸ்" என்பார்கள். "திங்க்" என்பதை "ஃபிங்க்" என்பார்கள். அந்தப் பேச்சில் தவறு ஏதும் இல்லை. லட்சக்கணக்கான மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பேசி வந்த பேச்சுதான். ஆனால் அன்றைய ஆங்கில நாடக மேடையில் அரசனாகவோ, மருத்துவராகவோ, கனவானாகவோ நடிக்க வேண்டுமானால் மேட்டுக்குடி உச்சரிப்பு வேண்டும். காக்னி பேசுபவர்களுக்கு எஞ்சியவை பெரும்பாலும் வேலைக்காரன் வேடமும் கோமாளி வேடமும்தான்.

கதவைத் தட்டும் பையன்

பத்து வயதில், 1900ஆம் ஆண்டு, ஹேமார்க்கெட் தியேட்டரில் நடந்த ஒரு நாடகத்தில், மேடையில் ஓடித் திரியும் சிறுவர் கூட்டத்தில் ஒருவனாக ரெயின்ஸ் முதன்முதலில் மேடை ஏறினார். பின்னர் 'ஹிஸ் மெஜஸ்டீஸ் தியேட்டர்' என்ற புகழ்பெற்ற அரங்கில் அழைப்புப் பையனாக வேலை கிடைத்தது. நடிகர்களின் அறைக் கதவைத் தட்டி, "அடுத்து உங்கள் காட்சி" என்று கூப்பிடுவதுதான் அந்த வேலை. கதவைத் தட்டித் தட்டியே நாடகத்தின் உள்ளும் புறமும் அறிந்துகொண்டார். பக்கத்தில் மறைந்து நின்று வசனம் எடுத்துக் கொடுக்கும் பிராம்ப்டர் ஆனார். மேடை நிர்வாகி ஆனார். சிறு சிறு வேடங்களும் வந்தன.

அந்த அரங்கை நடத்தியவர் சர் ஹெர்பர்ட் பியர்போம் ட்ரீ. அக்காலத்து ஆங்கில மேடையின் மிகப் பெரிய நடிகர்களுள் ஒருவர். 1904இல் ஒரு நாடகப் பள்ளியையும் தொடங்கியவர். அதுவே இன்று 'ராடா' என்று உலகெங்கும் அறியப்படும் அரச நாடகக் கலைக் கழகம். கதவு தட்டும் பையனிடம் திறமை இருப்பதை ட்ரீ கண்டுகொண்டார். இந்தப் பேச்சோடு நீ நடிகனாக முடியாது என்று உள்ளதை உள்ளபடி சொன்னார். சொன்னதோடு நிற்கவில்லை. உச்சரிப்புப் பயிற்சிக்கான நூல்களுக்கும் பாடங்களுக்கும் ஆகும் செலவைத் தாமே ஏற்றுக்கொண்டார்!

இந்த இடத்தில் ஒரு சுவையான செய்தி. பெர்னார்ட் ஷாவின் 'பிக்மேலியன்' நாடகம் 1914 ஏப்ரலில் லண்டனில் முதன்முதலாக அரங்கேறியதும் இதே ஹிஸ் மெஜஸ்டீஸ் தியேட்டரில்தான். காக்னி பேசும் பூக்காரப் பெண்ணுக்கு உயர்குடி உச்சரிப்பைக் கற்றுக்கொடுக்கும் பேராசிரியரின் கதை அது. அந்தப் பேராசிரியராக நடித்தவர் யார் தெரியுமா? ட்ரீயேதான்! மேடையில் நடிப்பாகச் செய்ததை அவர் மேடைக்குப் பின்னால் ஓர் ஏழைப் பையனுக்கு உண்மையாகவே செய்திருந்தார்.

போரும் நச்சுப் புகையும்

முதல் உலகப் போரில் ரெயின்ஸ் லண்டன் ஸ்காட்டிஷ் படைப்பிரிவில் சேர்ந்தார். 1916இல் பிரான்சு நாட்டில் விமி என்ற இடத்தில் எதிரிகளின் நச்சுப் புகைத் தாக்குதலில் சிக்கினார். வலக்கண்ணின் பார்வை ஏறத்தாழ முழுவதும் போயிற்று. குரல் நாண்களும் பாதிக்கப்பட்டன. பல ஆண்டுகள் உழைத்துச் செப்பம் செய்த குரல்! மனம் உடைந்துபோக அது ஒன்றே போதும். ஆனால் அவர் படையை விட்டு ஓடவில்லை. போர்முனைக்குத் திரும்ப முடியாவிட்டாலும் வேறு பிரிவில் பணியாற்றினார். சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தவர் போர் முடியும்போது கேப்டன் தகுதியில் வெளியே வந்தார்.

பின்னாளில் நாம் அவர் படங்களில் கேட்கும் குரலில், பட்டுத் துணியின் மேல் மணல் தூவியதுபோல் ஒரு மெல்லிய கரகரப்பு உண்டு. அந்தப் புகையே அதற்குக் காரணம் என்று சொல்வார்கள். குறையாக வந்தது அடையாளமாக நிலைத்தது. கண்ணின் நிலையையோ அவர் பலரிடம் சொல்லிக்கொள்ளவே இல்லை.

மாணவர் ஆசிரியர் ஆனார்

போருக்குப் பிறகு லண்டன் மேடையில் ரெயின்ஸின் பெயர் உயர்ந்தது. 1920இல் ஓர் ஊமைப் படத்தில் தலைகாட்டினார். அதைவிட முக்கியமான செய்தி, ட்ரீ தொடங்கிய அதே நாடகப் பள்ளியில் அவர் ஆசிரியராக அமர்ந்தார் என்பது. "உன் பேச்சு மேடைக்கு ஆகாது" என்று ஒருகாலத்தில் சொல்லப்பட்டவர், மற்றவர்களுக்கு மேடைப் பேச்சைக் கற்றுக்கொடுத்தார்!

அவரிடம் பயின்றவர்களில் இருவர் ஜான் கில்குட், சார்லஸ் லாட்டன். கில்குட் 20ஆம் நூற்றாண்டின் ஆங்கில மேடையில் குரல் வளத்துக்கே எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுபவர். தொடக்கத்தில் தாம் ரெயின்ஸைப் போலவே நடிக்க முயன்றதைக் கில்குட் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். லாட்டன் 'எட்டாம் ஹென்றியின் அந்தரங்க வாழ்க்கை' (1933) என்ற படத்துக்காக ஆஸ்கர் பரிசு பெற்றார். கில்குட்டும் 'ஆர்தர்' (1981) படத்துக்காக அப்பரிசைப் பெற்றார். ஆசிரியர் ரெயின்ஸுக்கு மட்டும் அது கடைசிவரை கிடைக்கவே இல்லை. அதைப் பின்னர் பார்ப்போம்.

1920களின் பிற்பகுதியில் அவர் அமெரிக்கா சென்று நியூயார்க் மேடையில் நடிக்கலானார். பெர்ல் பக் எழுதிய 'குட் எர்த்' நாவல் 1932இல் அங்கே நாடகமானபோது, அதில் வாங் லங் என்ற சீன உழவராக நடித்தவர் இவரே.

காணப்படாத மனிதன்

அந்த ஆண்டுகளில் ஹாலிவுட் நிறுவனம் ஒன்று ரெயின்ஸை ஒரு படத்துக்காகச் சோதனைப் படம் பிடித்துப் பார்த்தது. மேடைப் பழக்கத்தில் அவர் அளவுக்கு மீறி நடித்துவிட்டார். வாய்ப்பு கை நழுவியது. ஆனால் யூனிவர்சல் நிறுவனத்தின் இயக்குநர் ஜேம்ஸ் வேல், தற்செயலாக அந்தச் சோதனைப் படத்தின் ஒலியைக் கேட்டு, "இந்தக் குரல்தான் எனக்கு வேண்டும்" என்று பிடிவாதமாக நின்றார் என்று ரெயின்ஸின் வரலாற்றை எழுதியோர் கூறுவர். வேலும் 1889இல் பிறந்தவர். டட்லி என்ற தொழில் நகரில் இரும்பு உலைத் தொழிலாளியின் மகன். எந்தப் படிகளை ஏறி இந்தக் குரல் வந்திருக்கும் என்பது அவருக்குச் சொல்லாமலே விளங்கியிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. முதலில் அந்த வேடத்துக்கு, 'ஃபிராங்கன்ஸ்டைன்' படத்தில் புகழ் பெற்ற போரிஸ் கார்லாஃப் பெயர்தான் அடிபட்டது. கடைசியில் வாய்ப்பு ரெயின்ஸுக்கு வந்தது.

கிரிஃபின் என்ற விஞ்ஞானி தன்னைக் காணாமற் செய்யும் வழியைக் கண்டுபிடிக்கிறான். திரும்பி உருவம் பெறும் வழி அவனுக்குத் தெரியவில்லை. முகமெல்லாம் கட்டுப் போட்டு, கறுப்புக் கண்ணாடி அணிந்து, பனி கொட்டும் இரவில் ஒரு கிராமத்து விடுதிக்கு வருகிறான். கட்டுக்குள்ளே ஒன்றுமே இல்லை! மருந்தின் வேகத்தில் அறிவு திரிந்து, உலகையே ஆளலாம் என்று வெறி கொள்கிறான். இத்தனை மாற்றத்தையும் ரெயின்ஸ் எதைக்கொண்டு காட்ட முடியும்? கண் இல்லை, புருவம் இல்லை, உதடு இல்லை. முதலில் களைத்த, சிடுசிடுப்பான, தாழ்ந்த குரல். பிறகு காதலியிடம் பேசும்போது இளகும் குரல். பேச்சின் நடுவிலேயே அந்த இளக்கம் மறைந்து, ஆணவம் தலைக்கேறி உயர்ந்துகொண்டே போகும் குரல். கடைசியில் மரணப் படுக்கையில் சில நொடிகள் மட்டும் முகம் தெரிகிறது. அதற்குள் படம் முடிந்துவிடுகிறது.

அறிவியலும் தொழில்நுட்பமும்

இயற்பியல் மாணவன் என்ற முறையில் இங்கே சிறிது நிற்க அனுமதி வேண்டுகிறேன். வெல்ஸின் நாவலில் கிரிஃபின் மருத்துவப் படிப்பை விட்டுவிட்டு இயற்பியலுக்கு வந்தவன். உடலின் ஒளிவிலகல் எண்ணைக் காற்றின் ஒளிவிலகல் எண்ணுக்குச் சமமாக்குவதே அவன் திட்டம். காற்றுக்கு 1.0003, நீருக்கு 1.33, சாதாரணக் கண்ணாடிக்குச் சுமார் 1.5. ஒளி ஓர் ஊடகத்திலிருந்து மற்றோர் ஊடகத்துக்குச் செல்லும்போது இவ்வெண்கள் வேறுபட்டால்தான் எல்லையில் ஒளி வளையும், எதிரொளிக்கும். அவை சமமானால் எல்லையே கண்ணுக்குத் தெரியாது. பைரெக்ஸ் கண்ணாடிக் குச்சியைக் கிளிசரினில் அமிழ்த்தினால், இரண்டுக்கும் ஏறத்தாழ 1.47 என்பதால் குச்சி மறைந்துபோகும். நம் ஆய்வகத்திலேயே செய்து பார்க்கலாம்.

ஆனால் ஓர் இடையூறு உண்டு. நாம் பார்க்க வேண்டுமானால் விழித்திரை ஒளியை உட்கவர வேண்டும். ஒளி முழுவதும் ஊடுருவிச் சென்றுவிட்டால் கண்ணில் பிம்பமே விழாது. ஆகவே முற்றிலும் காணப்படாத மனிதன் முற்றிலும் குருடனாகவும் இருப்பான்! அவனுக்கு எஞ்சுவது குரல் ஒன்றுதான்.

படத்தில் இந்த மாயத்தைச் செய்தவர் ஜான் ஃபுல்ட்டன் என்ற தந்திரக் காட்சி நிபுணர். அவர் கையாண்ட முறையும் ஒளியியல்தான். நடிகரைத் தலைமுதல் கால்வரை கறுப்பு வெல்வெட்டால் மூடி, அதன்மேல் சட்டையும் கால்சட்டையும் போட்டு, கறுப்பு வெல்வெட் திரையின் முன் நடக்கச் செய்தார். கறுப்பு வெல்வெட் ஒளியை மிகக் குறைவாகவே திருப்பி அனுப்பும். ஆகவே படச்சுருளில் சட்டையும் கால்சட்டையும் மட்டும் பதிவாகும். பின்பு ஆய்வுக்கூடத்தில், தனியே எடுத்த அறைக் காட்சியோடு மறைப்புச் சுருள்களின் உதவியால் அதை இணைத்தனர். வெல்வெட்டுக்குள் மூச்சு விடக் குழாய் வழியாகக் காற்று செலுத்த வேண்டியிருந்தது. அந்த இரைச்சலில் இயக்குநர் சொல்வது காதில் விழுவதே கடினம். இத்தகைய காட்சிகளில் பதிலி ஆளும் பயன்பட்டார். இணைப்பில் விழுந்த குறைகளை 4,000 அடிச் சுருளில் கையால் திருத்தினார்கள். அடிக்கு 16 படம் வீதம் 64,000 படங்கள்! கணிப்பொறி இல்லாத காலத்தின் உழைப்பு அது. ஆனால் இத்தனை நுட்பமும் வெறுஞ்சட்டையைத்தான் நடக்கவைத்தது. அந்தச் சட்டைக்குள் மனிதன் ஒருவன் இருக்கிறான் என்று நம்மை நம்பவைத்தது ரெயின்ஸின் குரலே.

துணை வேடங்களின் தனிப்பெருங்கலைஞர்

அதன்பின் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அவர் திரையில் நிலைத்து நின்றார். பெரும்பாலும் கதாநாயகன் அல்லர், துணை வேடங்கள்தாம். ஆனால் அந்த வேடங்களின் வகையைப் பாருங்கள். 'ராபின் ஹூட்' (1938) படத்தில் இங்கிலாந்தின் இளவரசர் ஜான். 'மிஸ்டர் ஸ்மித் கோஸ் டு வாஷிங்டன்' (1939) படத்தில் அமெரிக்க செனட்டர். 'நவ் வாயேஜர்' (1942) படத்தில் மனநல மருத்துவர். 'காசாபிளாங்கா' (1942) படத்தில் பிரெஞ்சுக் காவல் அதிகாரி. 'மிஸ்டர் ஸ்கெஃபிங்டன்' (1944) படத்தில் மனைவியின் அலட்சியத்தைப் பொறுத்துக்கொள்ளும் யூதக் கணவர். பெர்னார்ட் ஷாவின் 'சீசரும் கிளியோபாட்ராவும்' (1945) படத்தில் ரோமானியச் சீசர். 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' (1962) படத்தில் சூழ்ச்சி மிக்க ஆங்கில அரசியல் அதிகாரி. அழைப்புப் பையனாகக் கதவு தட்டியவர் அரசவைக்குள் எல்லா வாசல்களின் வழியாகவும் நுழைந்துவிட்டார்!

அவருடைய தனித்திறன், கெட்டவனுக்குள்ளும் ஒரு மனிதனைக் காட்டுவது. 'மிஸ்டர் ஸ்மித்' படத்தின் செனட்டர், ஒருகாலத்தில் நேர்மையாளராக இருந்து, சிறிது சிறிதாக விலைபோனவர். தம்மைத் தெய்வமாக மதிக்கும் இளைஞனையே அழிக்கத் துணிகிறார். அந்த வெட்கம் ஒவ்வொரு காட்சியிலும் அவர் பேச்சுக்கு அடியில் ஓடிக்கொண்டிருக்கிறது. கடைசியில் அது உடைந்து வெளிவரும்போது நமக்கு வியப்பே ஏற்படுவதில்லை, முன்பே கேட்டிருக்கிறோம்!

ஹிட்ச்காக் இயக்கிய 'நொட்டோரியஸ்' (1946) படத்தில் அவர் பிரேசிலில் ஒளிந்து வாழும் நாஜிக் கூட்டத்தைச் சேர்ந்தவர். உண்மையாகக் காதலித்து மணந்த பெண் அமெரிக்க உளவாளி என்று தெரிகிறது. தாயின் சொற்படி அவளுக்கு நஞ்சு கொடுக்கிறார். இறுதியில் காதலன் வந்து அவளைக் காரில் ஏற்றிச் செல்கிறான். தம்மையும் அழைத்துப் போகும்படி ரெயின்ஸ் கெஞ்சுகிறார். கார்க் கதவு பூட்டிக்கொள்கிறது. பின்னால் வீட்டு வாசலில் கூட்டாளிகள் காத்திருக்கிறார்கள். அவர்களுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. ஒரு சொல்லும் பேசாமல் படியேறித் திரும்பிச் செல்கிறார். கதவு மூடுகிறது. கொலை செய்யப் பார்த்தவனுக்காக நாம் ஏன் இரங்குகிறோம்? அதுதான் நடிப்பு. குரலால் புகழ் பெற்றவரின் மிகச் சிறந்த காட்சிகளில் ஒன்று பேச்சே இல்லாமல் முடிகிறது!

இப்படத்தில் கதாநாயகி இங்கிரிட் பெர்க்மன் அவரைவிட உயரம். சில காட்சிகளில் அவருக்காகத் தரையை உயர்த்திச் சாய்தளம் அமைத்தார்கள். அந்த உயரக் குறைவுகூட, மனைவியை அண்ணாந்து பார்த்து மயங்கும் அப்பாத்திரத்துக்குப் பொருந்திவிட்டது.

'மிஸ்டர் ஸ்மித்', 'காசாபிளாங்கா', 'மிஸ்டர் ஸ்கெஃபிங்டன்', 'நொட்டோரியஸ்' ஆகிய நான்கு படங்களுக்காக ஆஸ்கர் துணை நடிகர் பரிசுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது. ஒருமுறையும் கிடைக்கவில்லை. ஆனால் அவரை வளர்த்த மேடை அவரைக் கைவிடவில்லை. 'டார்க்னஸ் அட் நூன்' நாடகத்தில், தாம் நம்பிய புரட்சியாலேயே சிறையில் அடைக்கப்பட்ட முதியவராக நடித்ததற்காக 1951இல் அமெரிக்க மேடையின் உயர்ந்த விருதான டோனி விருது கிடைத்தது. அப்போது அவருக்கு வயது அறுபத்தொன்று.

1939இல் அமெரிக்கக் குடிமகனான அவர், பென்சில்வேனியாவில் பண்ணை வாங்கி விருப்பத்தோடு விவசாயம் செய்தார். 1967 மே 30ஆம் நாள் நியூ ஹாம்ப்ஷயரில், எழுபத்தேழாம் வயதில் மறைந்தார்.

பழைய பேச்சு எங்கே போயிற்று?

என்னை நெடுநாள் உறுத்திய கேள்வி ஒன்று உண்டு. ட்ரீ செய்தது சரியா? ஓர் ஏழைப் பையனின் தாய்வீட்டுப் பேச்சைப் பிடுங்கிவிட்டு, பணக்காரர் பேச்சை ஒட்டவைத்தது உதவியா, அநீதியா?

அந்தக் காலத்து மேடை விதித்த நிபந்தனை அநீதிதான் என்பது என் கருத்து. ஏனெனில் காலம் மாறியதும் அந்த நிபந்தனையும் மாறியது. அதே தென்கரை மண்ணில் வளர்ந்த மைக்கேல் கெய்ன், 'ஆல்ஃபி' (1966) படத்தில் காக்னி பேச்சோடேயே கதாநாயகனாக நடித்துப் பெரும்புகழ் அடைந்தார். அப்போது ரெயின்ஸ் உயிரோடு இருந்தார். குறை பேச்சில் இருக்கவில்லை. கேட்டவர் காதில் இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

ஆனால் ட்ரீ தனி மனிதராகச் செய்தது உதவியே. மேடையின் விதியை ஒரே நாளில் மாற்ற அவரால் முடியாது. இந்தப் பையனை அந்த விதியைத் தாண்டவைக்க முடியும். அதைச் செய்தார். ரெயின்ஸும் பழைய பேச்சைத் தொலைத்துவிடவில்லை. வீட்டில் மகள் ஜெசிக்காவுக்குப் பழைய காக்னிப் பாட்டுகளை அந்த வழக்கிலேயே பாடிக் காட்டுவாராம். மகளுக்கு ஒரு சொல்லும் புரியாதாம்! நாற்பது ஐம்பது ஆண்டுகளாக அந்தப் பேச்சு அவருக்குள் பத்திரமாக இருந்திருக்கிறது. புதிய சட்டை போட்டுக்கொண்டார், தோலை உரித்துக்கொள்ளவில்லை.

நிறைவாக...

நண்பர்களே! நம் கல்லூரியில் என்னைப்போல் வீட்டின் முதல் பட்டதாரியாகப் போகிறவர்கள் பலர். ஊர்ப்பேச்சு நாவில் இருக்கிறது; ஆங்கிலம் இன்னும் பழகவில்லை. பிழையைச் சுட்டிக்காட்ட வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. ட்ரீயும் பிழையைச் சுட்டிக்காட்டத்தான் செய்தார். ஆனால் அவர் சிரிக்கவில்லை. குறையைச் சொன்ன வாயாலேயே வழியையும் சொன்னார், கைப்பணமும் கொடுத்தார். நாம் பணம் கொடுக்க வேண்டாம். கருத்தரங்குக்கு முதல்நாள் மாலை, தெரிந்தவர் தெரியாதவரோடு அரை மணி நேரம் உட்கார்ந்து அந்தச் சொற்களை நாலு முறை சொல்லிக் கொடுத்தால் போதும். பேராசிரியப் பெருமக்கள் இதற்கு ஒரு வழி செய்து கொடுத்தால், பின்வரிசைச் சிரிப்பு தானாக அடங்கும் என்று பணிவோடு சொல்லிக்கொள்கிறேன்.

இந்த ஆண்டும் எனக்குக் கருத்தரங்கு வந்தது. தலைப்பை நானே கேட்டு வாங்கினேன். அதே ஒளிவிலகல்! விடுதியில் நண்பன் ஒருவன் மூன்று மாலை என்னோடு உட்கார்ந்தான். ஆனாலும் மேடையில் நான்கு முறை "ரிஃப்ராக்‌ஷன்" என்று சரியாக வந்தது. ஐந்தாம் முறை பழைய "ரிப்ராக்சன்" தலைகாட்டியது. யாரோ சிரித்தார்கள். நான் உட்காரவில்லை. கிளிசரினில் கண்ணாடிக் குச்சியை அமிழ்த்திக் காட்டியபோது சிரிப்பு நின்றுவிட்டது. முடிக்கும் வரை பேசினேன்.

இரவு ஊருக்குப் பேசியபோது, "ஏஞ்சாமி, நல்லாப் பேசுனியா?" என்று அம்மா கேட்டார். "பேசிப்போட்டேனுங்கம்மா" என்றேன். அந்தப் பேச்சை எந்தக் கருத்தரங்குக்காகவும் நான் விடப் போவதில்லை.